உள்ளே கடிதம் இருக்கிறதா?

2025 பொங்கல் விடுமுறை முடிந்து அஞ்சலகம் திறந்த முதல் நாள், கம்பத்துக்கு அனுப்ப வேண்டிய ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேலூர் அஞ்சலகத்துக்குப் போனேன். பழைய பழக்கப்படியே கட்டியிருந்தேன். காக்கித்தாள் சுற்றி, இரண்டு முனைகளையும் ஒட்டாமல் திறந்தே விட்டு, குறுக்கும் நெடுக்குமாகச் சணல் கயிறு போட்டு, மேல் மூலையில் ‘புக் போஸ்ட்’ என்று எழுதியிருந்தேன். கவுண்டரில் இருந்த இளம்பெண் அதை வாங்கி எடை போட்டார். கணினியில் எதையோ தேடினார். பிறகு, “பதிவு செய்து அனுப்பும் புத்தக அஞ்சல் டிசம்பரோடு நின்றுவிட்டது அம்மா. இனிமேல் பார்சல்தான். முனைகளை ஒட்டிக் கொடுங்கள்” என்றார்.

பசை டப்பா அங்கேயே இருந்தது. கூடுதலாகக் கேட்ட பணம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் அந்த முனைகளை மடித்து ஒட்டும்போது விரல் தயங்கியது. என் தோழிக்கு அனுப்பிய எந்தப் புத்தகத்தையும் அதுவரை நான் மூடி அனுப்பியதில்லை. வாசலுக்கு வந்த பிறகுதான் இன்னொன்றும் உறைத்தது. அந்தப் பெண் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்கவே இல்லை.

“உள்ளே கடிதம் இருக்கிறதா?”

1987இல் நான் முதன்முதலாகப் புத்தகம் அனுப்பப் போனபோது கவுண்டரில் இருந்த பெரியவர் அப்படித்தான் கேட்டார். திறந்திருந்த முனை வழியாக விரலை விட்டுப் பக்கங்களை ஒரு தடவை விசிறிப் பார்த்தார். இருந்தது. நாலு பக்கக் கடிதத்தை அட்டைக்கும் முதல் தாளுக்கும் நடுவே வைத்திருந்தேன். அதை வெளியே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, அச்சடித்த புத்தகத்துக்கு மட்டும்தான் இந்தச் சலுகைக் கட்டணம், கடிதத்துக்குத் தனியாகத் தபால்தலை ஒட்ட வேண்டும் என்று விளக்கினார். அவர்கள் உள்ளே பார்க்க வேண்டும் என்பதற்காகவே முனைகளைத் திறந்து வைக்கச் சொல்கிறார்கள் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. புத்தகம் தனியாகப் போயிற்று. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்த விதிதான் எங்கள் நட்பை வடிவமைத்தது என்று இன்றைக்கு உறுதியாகச் சொல்வேன்.

தோழியின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதனால் அவளைக் கம்பம் என்றே அழைக்கிறேன். கடிதங்களிலும் அப்படித்தான். ‘அன்புள்ள கம்பத்துக்கு’ என்று நானும் ‘அன்புள்ள மேலூருக்கு’ என்று அவளும் எழுதிக்கொண்டோம். மதுரையில் ஒரே கல்லூரியில் தமிழ் படித்தோம். மூன்று வருடமும் சிம்மக்கல் நூலகத்துக்குச் சேர்ந்தே போனோம். ஒரே நேரத்தில் இரண்டு பேர் இரண்டு புத்தகம் எடுத்து, வாரக் கடைசியில் மாற்றிக்கொள்வோம். படிப்பு முடிந்த அதே வருடம் அவளுக்குக் கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த ஒரு குடும்பத்தில் திருமணம் ஆயிற்று. நான் பி.எட். முடித்து மேலூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியர் ஆனேன். நடுவில் 100 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. இன்றைக்கு அது ஒன்றுமில்லை. அன்றைக்கு, ஒரு கூட்டுக் குடும்பத்து மருமகளுக்கு, தோழியைப் பார்க்கவென்று கிளம்புவதற்கு அது கடக்க முடியாத தூரம்.

கையில் திரும்பி வந்த அந்த நாலு பக்கக் கடிதத்தை நான் உடனே அஞ்சலில் போடவில்லை. இரண்டு நாள் கழித்துப் படித்துப் பார்த்தேன். அந்தப் புத்தகத்தில் எங்கே அழ வேண்டும், எந்த வரி உயர்ந்தது, எது சறுக்கியது என்று எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டிருந்தேன். அவளுக்குப் படிக்க எதை மிச்சம் வைத்திருந்தேன்? கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு ஒரு கார்டு மட்டும் எழுதினேன். அன்றைக்குக் கார்டு 15 காசு. ‘புத்தகம் வரும். படித்துவிட்டு நீ முதலில் எழுது. என்னுடையது எழுதிப் பூட்டி வைத்திருக்கிறது. உன் கடிதம் வந்த அன்று, ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அனுப்புகிறேன்.’

இதுவே முறையாயிற்று. இழுப்பறையில் காத்திருக்கும் கடிதத்துக்கு ‘முன்கடிதம்’ என்று அவள் பெயர் வைத்தாள். அனுப்புகிறவள் படித்து முடித்த அன்றே முன்கடிதத்தை எழுதித் தேதி போட்டுவிட வேண்டும். வாங்குகிறவள் என்ன நினைத்தாள் என்று தெரிந்த பிறகு திருத்தக் கூடாது. முகத்தைப் பார்த்துப் பேசும்போது நம்மால் இதைச் செய்யவே முடியாது. எதிரே இருப்பவரின் புருவம் சற்று ஏறினால் போதும், நம் கருத்தும் சற்று வளைந்துவிடும். கல்லூரியில் எங்கள் பேச்சு முழுக்க அப்படித்தான் இருந்திருக்கிறது. அவள் நல்ல புத்தகம் என்றால் நானும் நல்ல புத்தகம் என்பேன். நாங்கள் இருவரும் எவ்வளவு வேறுபட்டவர்கள் என்பது பிரிந்து போய்க் கடிதம் எழுதத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்கே தெரிய வந்தது.

முதல் சில மாதங்களில் அவளுக்கு வரும் இன்லேண்டு கடிதங்களை அவளுடைய மாமனார்தான் பிரித்தார். அந்த வீட்டில் அது வழக்கம், அதில் அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மூன்று கடிதங்களைப் படித்தார். மூன்றிலும் யாரோ ஒரு கதாநாயகி, யாரோ ஒரு எழுத்தாளர், ஒரு அத்தியாயம் ஏன் நீளம் என்ற விவாதம். நான்காவது கடிதத்தைப் பிரிக்காமலே மருமகளிடம் நீட்டிவிட்டார். புத்தகப் பேச்சு எங்களுக்கு ஒரு மறைவும் ஆயிற்று. ‘அந்தக் கதையில் வருகிறவள் ஏன் ஒரு தடவைகூட அம்மா வீட்டுக்குப் போகவில்லை? எழுத்தாளர் மறந்துவிட்டாரா, அவளுக்கு யாரும் இல்லையா?’ என்று ஒருமுறை எழுதியிருந்தாள். அந்தக் கதையில் அப்படி ஒருத்தி கிடையாது. கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையே அவளுடைய அண்ணனைப் போய்ப் பார்த்தேன். அவர் மறுநாள் கம்பத்துக்குப் பஸ் ஏறினார்.

எங்கள் இருவரோடு மூன்றாவதாக ஒருவரும் படித்தார் என்பதைச் சொல்ல வேண்டும். அவளுடைய மாமியார். அத்தைக்கு எழுத்துத் தெரியாது. புத்தகம் வந்து இறங்கினால், மதியம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு வாசிக்கச் சொல்வார். முதலில் மருமகள் என்ன படிக்கிறாள் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருப்பார். நாலைந்து புத்தகத்துக்குப் பிறகு, தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே, கையில் கட்டு இருக்கிறதா என்று அவர்தான் எட்டிப் பார்ப்பாராம்.

அத்தைக்குப் பாலமேட்டுப் பக்கம் பிறந்த வீடு. மாட்டுப் பொங்கலன்று சல்லிக்கட்டு நடக்கும் ஊர்ப்பக்கம். அதனால் சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ போனபோது அங்கே என்ன நடக்கும் என்று நான் ஆவலாகக் காத்திருந்தேன். 1959இல் வந்த சிறிய நாவல், ஒரே மூச்சில் படித்துவிடலாம். தந்தையைக் கொன்ற ஜமீன் காளையை மகன் பிச்சி அணைந்து அடக்குகிறான். தோற்ற காளையைக் கடைசியில் ஜமீன்தாரே சுட்டுவிடுகிறார். என் முன்கடிதம் முழுவதும் பிச்சியின் வீரத்தைப் பற்றியும், அந்த மொழியின் முறுக்கைப் பற்றியும் இருந்தது. கம்பத்திலிருந்து வந்த கடிதத்தில் முக்கால்வாசி அத்தை சொன்னவை.

அத்தைக்கு அந்த நாவல் மிகவும் பிடித்திருந்தது. வாடியில் மாடு வெளியே வரும் வருணனையை மூன்று தடவை வாசிக்கச் சொல்லியிருக்கிறார். ஆனால் கடைசிப் பக்கம் முடிந்ததும் வெகு நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாராம்: “அந்த மாட்டுக்குத் தவிடு வைத்தவள் யார்? அவளைக் காணோமே. ஜமீனா காலையில் எழுந்து தொழுவத்தில் கை வைத்தான்? கன்றாக இருந்ததிலிருந்து கழுநீர் காட்டியவள் ஒருத்தி இருந்திருப்பாளே. துப்பாக்கிச் சத்தம் கேட்டபோது அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்?”

நான் மூன்று ஆண்டுகள் தமிழ் நாவல்களைப் பாடமாகப் படித்து வந்தவள். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. செல்லப்பா எழுதியது ஆட்டத்தின் கதை, வாடிவாசலுக்கு வெளியே அதற்கு வேலையில்லை என்று நான் பதில் எழுதினேன். இன்றும் அது சரியான பதில் என்றே நினைக்கிறேன். ஆனால் அத்தையின் கேள்வி அதனால் போய்விடவில்லை. அது எங்கள் கடிதங்களில் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு எந்தப் புத்தகம் போனாலும் கம்பத்திலிருந்து வரும் கடிதத்தில் எங்காவது ‘தவிடு வைத்தவள்’ என்ற சொல் இருக்கும். எங்களுக்குள் அது ஒரு குறிச்சொல் ஆயிற்று.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ 1988இல் வந்த தொகுப்பு. ராஜஸ்தானத்துக் கூட்டுக் குடும்பம் ஒன்றின் சமையலறையைப் பற்றிய அந்தத் தலைப்புக் கதை கம்பத்துத் திண்ணையில் என்ன பாடுபடுமோ என்று பயந்துகொண்டேதான் அனுப்பினேன். அவர்கள் வீட்டு அடுக்களையிலும் மேற்கு மலையைப் பார்த்த ஒரு ஜன்னல் உண்டு. அத்தை அந்தக் கதையைக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம்: “எனக்கு ஜன்னல் இருந்தது. நான்தான் 40 வருடமாகத் திரும்பிப் பார்க்கவில்லை.”

கம்பத்துக்கும் மேலூருக்கும் கடிதத்தைத் தவிர இன்னொரு தொடர்பும் இருந்தது. அதைத் தண்ணீர் என்று சொல்ல வேண்டும். 1895இல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே இந்தப் பக்கம் இறங்கி, முதலில் கம்பம் பள்ளத்தாக்கை நனைக்கிறது. பிறகு வைகையோடு கலந்து, பெரியாறு பிரதானக் கால்வாய் வழியாக வந்து வந்து, ஓய்ந்துபோகும் நேரத்தில் மேலூரைத் தொடுகிறது. அவர்களுக்கு இரண்டு போகம். எங்கள் கடைமடைக்கு ஒரு போகம், அதுவும் மழையைப் பொறுத்து. ‘இன்றைக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள். உன் ஊருக்கு அது வந்து சேர்வதற்கு முன் இந்தக் கடிதம் வந்துவிடும்’ என்று எழுதுவாள். எங்கள் இரண்டு ஊருக்கும் பின்கோடு 625 என்றுதான் தொடங்கும். 1996இல் தேனி மாவட்டம் பிரிந்தபோது முகவரியில் மதுரை மாவட்டம் என்பதை அடித்துத் தேனி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பின்கோடு மாறவில்லை என்பதில் ஒரு சிறு ஆறுதல்.

ஒருமுறை பிசிராந்தையாரைப் பற்றி எழுதினாள். பாண்டி நாட்டுப் பிசிரில் இருந்த புலவர், உறையூர்ச் சோழனைக் கண்ணால் பாராமலே நட்புக் கொண்ட கதை நம் எல்லோருக்கும் பள்ளியிலேயே தெரியும். புறநானூற்றில் அவர் அன்னச் சேவலிடம் பேசும் 67ஆம் பாட்டை மறுபடி படித்துவிட்டு அவள் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். ‘அந்தப் பாட்டில் பாதி முகவரிதான், கவனித்தாயா? குமரித் துறையில் இரை தின்று வடமலைக்குப் போகிற வழியில், சோழ நாட்டில், உறையூரில், உயர்ந்த மாடத்தில் இறங்கு. வாயிலில் அனுமதி கேட்டு நிற்காமல் உள்ளே போ. இன்னாருடைய ஆள் என்று சொல். நாட்டின் பெயர், ஊரின் பெயர், வீட்டின் அடையாளம், அனுப்புநர் பெயர் எல்லாம் இருக்கிறது. பின்கோடு மட்டும் இல்லை.’ அந்தக் கடிதத்தை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு அந்தப் பாட்டை நான் நடத்தும் விதமே மாறிவிட்டது.

இப்போது எங்கள் சண்டைக்கு வருகிறேன்.

1992இல் மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில், அட்டை கிழிந்த ‘புயலிலே ஒரு தோணி’ கிடைத்தது. ப. சிங்காரம் எழுதி 1972இல் வெளியான நாவல். ஜப்பானியர் கைக்கு மெடான் நகரம் மாறும் காலத்தில் தொடங்கி, பினாங்கு, இந்தோனேசியத் தீவுகள் என்று அலைகிற பாண்டியன் என்ற இளைஞனின் கதை. அங்கே, வட்டிக்கடைப் பேச்சுக்கும் போர் இரைச்சலுக்கும் நடுவே, அவன் மதுரைத் தெருக்களையும் ஊர்ச் சந்தையையும் நினைத்துக்கொள்வான். அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு இரவு முழுக்கத் தூங்காமல் கிடந்தேன். அதை எழுதியவர் பிறந்தது சிங்கம்புணரியில், எங்கள் மேலூரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம். என் பாட்டனார் தலைமுறையில் எங்கள் பக்கத்திலிருந்து எத்தனையோ பையன்கள் அப்படி அக்கரைக்குப் போனார்கள். என் சின்னத் தாத்தாவும் போனார். பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர 1938இல் கப்பலேறியவர் திரும்பவே இல்லை. சின்ன அப்பத்தாவுக்கு அப்போது 17 வயது. கல்யாணமாகி ஒன்பது மாதம்.

இவ்வளவையும் என் முன்கடிதத்தில் எழுதியிருந்தேன். 11 பக்கம். என் வாழ்க்கையில் ஒரு புத்தகத்தைப் பற்றி நான் எழுதியவற்றில் அதுதான் நீளமானது. பூட்டி வைத்துவிட்டுப் புத்தகத்தை அனுப்பினேன்.

கம்பத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. நீளமாக எழுதுகிறவள், ஒரு கார்டில் நாலு வரி. ‘நாவல் பெரியது. மொழி பெரியது. ஒப்புக்கொள்கிறேன். கப்பலேறிய ஆண்களுக்கு இதில் இவ்வளவு பேச்சு இருக்கிறது. உன் சின்ன அப்பத்தா இந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்?’

எனக்குச் சுருக்கென்று தைத்தது. சின்ன அப்பத்தாவைப் பற்றி நான் கல்லூரி நாட்களில், ஒரு இரவு, அவளிடம் மட்டும் சொன்னது. அதைத் தபால்காரர்கூடப் படிக்கும்படி கார்டில் எழுதியிருந்தாள். அதைவிட, நான் தலையில் வைத்துக்கொண்டாடிய ஒன்றை நாலு வரியில் தட்டிவிட்டாளே என்ற கோபம். முன்கடிதத்தை அனுப்பவில்லை. எங்கள் விதியை முதன்முறையாக நான்தான் மீறினேன். அவளும் எழுதவில்லை. எட்டு மாதம் போயிற்று. அவளுடைய இரண்டாவது மகன் பிறந்த செய்தியை நான் வேறொருவர் வழியாகத்தான் அறிந்தேன்.

பிறகு ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கட்டு வந்தது. இரு முனைகளும் திறந்திருந்த காக்கித்தாள். உள்ளே அதே ‘புயலிலே ஒரு தோணி’. கிழிந்த அட்டைக்குப் புது அட்டை போட்டுத் தைத்திருந்தாள். கடிதம் இல்லை. புத்தகத்துக்குள் கடிதம் வைக்கக் கூடாது என்பது விதி. தனியாக ஏதாவது வருகிறதா என்று ஒரு வாரம் காத்திருந்தேன், வரவில்லை. அதற்குப் பிறகுதான் பக்கங்களைப் புரட்டினேன். ஓரத்தில் பென்சிலால் சிறு சிறு புள்ளிகள் வைத்திருந்தாள். வரி அடிக்கவில்லை, ஒரு சொல்கூட எழுதவில்லை. உற்றுப் பார்த்தால்தான் தெரியும், ஊசி முனை அளவு.

முதல் புள்ளி இருந்த வரியைப் படித்தேன். யாரோ ஒருவனுடைய தாயைப் பற்றி ஓர் அரை வாக்கியம். இரண்டாவதில் ஒரு மனைவி. அடுத்ததில் சந்தையில் ஒரு பெண். இப்படியே போயிற்று. அந்த முழு நாவலிலும் ஒரு பெண் தலைகாட்டும் இடமெல்லாம், பேர் இல்லாமல் ஒரு சொல்லாக வந்துபோகும் இடமெல்லாம், அவள் புள்ளி வைத்திருந்தாள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, 300 பக்கத்துக்கு மேற்பட்ட நாவலை மறுபடி முதலிலிருந்து படித்திருக்கிறாள். ‘நான் கேட்ட கேள்வி தப்பு, அவர்கள் இருக்கிறார்கள்’ என்று சொல்கிறாளா? ‘பார், இவ்வளவுதான் இருக்கிறார்கள்’ என்று சொல்கிறாளா? அந்தப் புள்ளிகளை இரண்டு விதமாகவும் படிக்கலாம். நான் புத்தகத்தை மறுபடி படிக்க வேண்டியதாயிற்று. இந்தத் தடவை பாண்டியனைப் பின்தொடரவில்லை. புள்ளிகளைப் பின்தொடர்ந்தேன். அது வேறு புத்தகமாக இருந்தது. என் முன்கடிதத்தில் நான் வியந்த எதுவும் அதில் குறையவில்லை. கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு கரை கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்த வாரம் சின்ன அப்பத்தாவைப் பார்க்கப் போனேன். அப்போது அவருக்கு 70 கடந்துவிட்டது. கம்பத்து அத்தைக்கு வாசிப்பதுபோல இவருக்கும் வாசித்துப் பார்க்கலாம் என்று புத்தகத்தை எடுத்துப் போயிருந்தேன். பாண்டியன் மதுரையை நினைக்கும் பக்கங்களை வாசித்தேன். அவர் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். தெருப் பெயர்கள் வரும்போது தலையசைத்தார். அக்கரையில் இருந்துகொண்டு இவ்வளவையும் நினைத்தார்களா என்று ஒருமுறை கேட்டார். நினைத்திருக்கிறார்கள் அப்பத்தா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பிள்ளை ஊருக்குத் திரும்பி வந்துவிட்டதா?” என்றார்.

பாண்டியன் திரும்புவதில்லை. நாவலின் முடிவில் அங்கேயே இறந்துபோகிறான்.

“இன்னும் முடிக்கவில்லை அப்பத்தா, பாதியில்தான் இருக்கிறேன்” என்றேன்.

அன்றிரவு முன்கடிதத்தை எடுத்து, விதிப்படி ஒரு எழுத்தும் மாற்றாமல் உறையில் போட்டேன். கூடவே இதையெல்லாம் எழுதி இரண்டு பக்கம் வைத்தேன். அதற்கு அவள் எழுதிய பதிலை நான் யாருக்கும் காட்டப்போவதில்லை.

இந்த நாவலைச் சுற்றி எனக்கு மாறாத வருத்தம் ஒன்று உண்டு. சிங்காரம் இந்தோனேசியாவிலிருந்து 1946இல் திரும்பிய பிறகு, மதுரையில் தினத்தந்தியில் பல்லாண்டுகள் வேலை பார்த்தவர். வொய்.எம்.சி.ஏ. விடுதியில் தனி அறையில் வாழ்ந்தவர். 1997 டிசம்பரில்தான் காலமானார். நாங்கள் இரண்டு பேரும் அவருடைய புத்தகத்துக்காக முறைத்துக்கொண்டும் அழுதுகொண்டும் கிடந்த அந்தக் காலம் முழுவதும் அவர் மதுரையில்தான் இருந்திருக்கிறார். மாதம் ஒருமுறையாவது நான் மதுரைக்குப் போய்வந்தவள். அவர் இங்கே இருக்கிறார் என்று விசாரிக்கத் தோன்றவில்லை. ஒரு கார்டு போட்டிருக்கலாம். சின்ன அப்பத்தா கேட்ட கேள்வியை மட்டும் அதில் எழுதியிருக்கலாம்.

எழுத்தாளர்களுக்கு எழுதுவதும் அவர்களிடமிருந்து பதில் வருவதும் தமிழில் புதிய காரியமே இல்லை. நெல்லையில் சுடலைமாடன் கோயில் தெரு வீட்டிலிருந்து விமர்சகர் தி.க.சி. 2014இல் மறையும் காலம்வரை இளம் எழுத்தாளர்களுக்கு அஞ்சலட்டை எழுதிக்கொண்டே இருந்தார். இடைசெவலில் ஒன்றாக வளர்ந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் எழுதிக்கொண்டதில், அழகிரிசாமி கடிதங்களைக் கி.ரா. பத்திரப்படுத்தி வைத்திருந்ததால் அவை புத்தகமாகவே வந்தன. அவர்கள் பெரியவர்கள். நாங்கள் வெறும் வாசகர்கள். ஆனால் ஒரு புத்தகம் எழுதி முடித்ததோடு முடிவதில்லை, படித்தவர் இன்னொருவருக்குச் சொல்லும்போது அது மேலும் கொஞ்சம் எழுதப்படுகிறது என்று நான் நம்புகிறேன். பாலமேட்டு அத்தையின் தவிட்டுக்காரி இல்லாமல் இனி என்னால் ‘வாடிவாசல்’ படிக்க முடியாது.

2000க்குப் பக்கத்தில் இரண்டு வீட்டிலும் தொலைபேசி வந்தது. கடிதம் குறைந்தது. பிறகு கைப்பேசி. கடிதம் நின்றது. பிள்ளைகளின் படிப்பு, அவளுடைய முழங்கால் வலி, திராட்சை விலை எல்லாவற்றையும் பேசியிருக்கிறோம். ஒரு புத்தகத்தைப் பற்றி ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போலப் பேசியதாக எனக்கு நினைவில்லை. அவ்வப்போது புத்தகம் மட்டும் போய்வந்தது. அத்தை இறந்தபோது போயிருந்தேன். திண்ணையில் அவர் உட்காரும் இடத்தில், கடைசியாக வாசித்துக்கொண்டிருந்த புத்தகம் தாள் மடித்தபடி கிடந்தது.

2023 ஜூலையில் மதுரை புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். அந்த ஆண்டுக் கடைசியில் ஒரு திருமணத்துக்காக அவள் மதுரைக்கு வந்திருந்தாள். இரண்டு பேரும் பார்க்கப் போனோம். அவ்வளவு பெரிய கட்டடத்தில், தமிழ்ப் புத்தகங்களுக்கு நடுவே எதிரெதிராக உட்கார்ந்தோம். சுற்றிலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். வாயைத் திறக்க முடியாது. நான் கையில் எடுத்த புத்தகத்தைப் பற்றி அவளிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. பையிலிருந்த மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி நகர்த்தினேன். அவள் படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கீழே நாலு வரி எழுதித் திருப்பி அனுப்பினாள். சீட்டு நிறைந்தது. அவளுடைய பையில் கல்யாணப் பத்திரிகை இருந்தது, அதன் உறையைப் பிரித்து அதில் எழுதினோம். ஒன்றரை மணி நேரம் அப்படியே போயிற்று. இருபது வருடமாகப் பேசாமல் இருந்ததெல்லாம் அந்த உறையில் இருக்கிறது. கிளம்பும்போது அதை அவள் எடுத்துக்கொண்டாள். பஸ் ஏறும் முன் திரும்பி, “முன்கடிதம் எழுதுவாயா?” என்று கேட்டாள்.

2024இல் நான் பணி ஓய்வு பெற்றேன். மேசை இழுப்பறைக்குப் புதுப் பூட்டு வாங்கினேன். இன்லேண்டு கடிதம் இப்போது இரண்டரை ரூபாய், கார்டு 50 காசு. கார்டு கேட்டால் அஞ்சலகத்தில் கொஞ்சம் தேடித்தான் எடுக்கிறார்கள். 2025 மே மாதத்திலிருந்து புத்தகங்களுக்கென்று ‘ஞான போஸ்ட்’ என்று ஒரு சேவை வந்திருக்கிறது, 300 கிராம்வரை 20 ரூபாய். நான் இப்போது அதில்தான் அனுப்புகிறேன். முனைகளை ஒட்டிவிடுகிறேன். உள்ளே கடிதம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை, கேட்காவிட்டாலும் நான் வைப்பதில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஒரு புத்தகம் கிளம்பியது. அதன் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். அவள் இதைப் படித்துவிடக்கூடும், அவள் இன்னும் எனக்கு எழுதவில்லை.